புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழைய கணக்கு வந்து சேர்ந்ததா?

2025 நவம்பர் முதல் வாரம். காளி பூஜைப் பட்டாசுச் சத்தம் ஓய்ந்து, கொல்கத்தாவில் விடியற்காலையில் லேசாகக் குளிர் தட்டத் தொடங்கியிருந்த சமயம். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த என்னை ஒருவர் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். டல்ஹவுசிப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிற நண்பர். பார்க்கும்போதெல்லாம் ஊர் விஷயம், ரயில் டிக்கெட் விஷயம் என்று கலகலப்பாகப் பேசுகிற மனிதர், அன்று முகம் வாடி நின்றார்.

"சார், ஆபீஸ் கம்ப்யூட்டர் போயிடுச்சு. புதுசு வாங்கியாச்சு. பேக்கப் பத்திரமா இருக்குன்னு மானேஜர்கிட்ட நான்தான் அடிச்சுச் சொன்னேன். இப்போ போட்டுப் பார்த்தா ஏப்ரலுக்கு அப்புறம் ஒரு வவுச்சர்கூட இல்லை சார். வேலை போனாக்கூடப் பரவாயில்லை, இத்தனை வருஷமா எடுத்த பேர் போயிடுமே!"

கம்ப்யூட்டரில் இருப்பதை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பதைத்தான் பேக்கப் என்கிறோம். நம்மவர்களில் குமாஸ்தா வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் இது தெரிந்த விஷயம். நண்பரோ அதில் ஒரு நாள் தவறாதவர். சனிக்கிழமை மதியம் ஆபீஸ் மூடுவதற்கு முன், வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்கைச் சொருகுவார். பேக்கப் பொத்தானை அழுத்துவார். 'முடிந்தது' என்று திரையில் வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார். அந்த நோட்டை நானே பார்த்தேன். துர்கா பூஜை விடுமுறையைத் தவிர ஒரு சனிக்கிழமைகூட விட்டுப்போகவில்லை. இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு ஏழு மாதக் கணக்கு எப்படிக் காணாமல் போயிற்று?

வளராத பைல்

மானேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் உட்கார்ந்தோம். அந்த டிஸ்கைத் திறந்து, அதிலிருந்த பேக்கப் பைல்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்ததில் பத்து நிமிஷத்தில் விஷயம் வெளிவந்துவிட்டது.

ஏப்ரலில் புது நிதியாண்டுக் கணக்கு திறக்கும்போது பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பிப் போயிருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் புது வருஷக் கணக்கை டி டிரைவில் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பேக்கப் எடுக்கும் பாதையை யாரும் மாற்றவில்லை. அது எப்போதும்போல சி டிரைவில் இருந்த போன வருஷக் கணக்கையே வாராவாரம் விசுவாசமாக நகல் எடுத்து வந்திருக்கிறது. எடுத்து முடித்ததும் 'முடிந்தது' என்று சொல்லவும் சொல்லியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. எதை எடுக்கச் சொன்னோமோ அதை எடுத்து முடித்தது.

இதில் என் மனதை உறுத்தியது ஒன்று உண்டு. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அந்த டிஸ்கில் இருந்த பைல்கள் எல்லாம் ஒரே அளவு. ஒரு பைட்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. தினமும் வவுச்சர் போடுகிற ஆபீசில் பேக்கப் பைல் மட்டும் வளராமல் இருக்குமா? நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் பைலின் அளவையும் எழுதியிருந்தால் இரண்டாவது சனிக்கிழமையே சந்தேகம் வந்திருக்கும். நண்பரைக் குற்றம் சொல்லவில்லை. அளவைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார் என்றும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1998-ல் அமெரிக்காவில் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுத்த ஒரே ஒரு கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் அது சரியாகப் பதிவாகவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். கோடிக்கணக்கில் செலவழிக்கிற கம்பெனிக்கே அந்த கதி என்றால் நம் டல்ஹவுசி ஆபீசைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

சாந்தினியில் வந்த உயிர்

பழைய கம்ப்யூட்டரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அது செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க சார். மாடிப்படிக்குக் கீழே கிடக்கு. காயலான்கடைக்காரன் வர்றதா சொல்லியிருக்கான்" என்றார். நல்ல வேளையாக அவன் இன்னும் வரவில்லை!

இங்கே ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றால் அதிலிருக்கும் டேட்டாவும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் போவது மின்சாரம் வாங்கிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியோ மதர்போர்டோதான். டேட்டா இருப்பது ஹார்ட் டிஸ்கில். வீடு இடிந்தாலும் இரும்புப் பெட்டி முழுசாக இருப்பதுபோல அது தப்பித்திருக்கலாம்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பெட்டியை டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சாந்தினி சௌக் போனோம். மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிய அந்தச் சந்துகளில் கம்ப்யூட்டர் சாமான் விற்காத கடையைத் தேட வேண்டியிருக்கும். ஒரு சிறு கடையில் இருபது வயதுகூட நிரம்பாத வங்காளிப் பையன் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். கருகிய வாசனை எங்களுக்கே தெரிந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு கேபிளில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் சொருகினான். அரை நிமிஷம் சத்தமில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "டேட்டா ஆச்சே, காக்கு. சிந்தா கொர்பேன் நா" என்றான். நண்பர் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்கைச் சொருகும்போது உள்ளே டிக் டிக் என்று முள் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று போட்டுப் பார்க்கப் பார்க்க உள்ளே இருக்கும் தட்டு கீறிப்போகும். அதற்கென்றே கடை வைத்திருப்பவர்களிடம்தான் போகவேண்டும், செலவும் அதிகமாகும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருக்கிறது. அதில் தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது, வேகம் அதிகம். ஆனால் அதில் ஒன்றை அழித்துவிட்டால் திரும்ப எடுப்பது மிகக் கஷ்டம்.

இன்னொரு புது வம்பும் வந்திருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. நல்லதற்குத்தான், திருடன் கையில் போனால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி கெட்டுப்போய் டிஸ்கை மட்டும் கழற்றி வேறிடத்தில் மாட்டினால் 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லாமல் சாந்தினிப் பையன் மட்டுமல்ல, யார் வந்தாலும் திறக்க முடியாது. முதலில் கம்ப்யூட்டரை ஆரம்பித்துக் கொடுத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருக்கக்கூடும். அந்தக் கணக்கு வந்து மாட்டிய மெக்கானிக்கின் பெயரில் இருந்தால் என்ன செய்வது? இன்றைக்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுவது உத்தமம்.

புது வீட்டுக்குக் குடிபோகும்போது

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே நம்மவர்கள் வேலை பார்க்கிற சிறிய ஆபீஸ்கள் பலவும் கம்ப்யூட்டர் மாற்றும் காலம் இது. நண்பரும் நானும் அன்று மாலை செய்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

முதலில் பழைய டிஸ்கிலிருந்த எல்லாவற்றையும் ஒரு புது டிஸ்கில் காப்பி செய்தோம். காப்பிதான், 'கட்' அல்ல. 'கட்' செய்து ஒட்டும்போது நடுவில் மின்சாரம் போனால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகலாம். 2020 மே 20-ந் தேதி ஆம்பன் புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் இருட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் எத்தனை பைல், மொத்தம் எவ்வளவு அளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். பழைய டிஸ்கை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பூட்டி வைத்துவிட்டோம். அடுத்த வேலை எல்லாம் நகலில்தான்.

கணக்கை மீட்டு வைப்பதில் ஓர் அபாயம் இருக்கிறது. டாலி போன்ற கணக்கு மென்பொருள்களில் பேக்கப்பைத் திரும்ப இறக்கும்போது, அதே கம்பெனியின் கணக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தால் அதன்மேலேயே எழுதிவிடக் கூடும். புதுக் கம்ப்யூட்டரில் நாலு நாள் வவுச்சர் போட்டபிறகு பழைய பேக்கப்பை இறக்கினால் அந்த நாலு நாள் வேலை மாயமாகிவிடும். எனவே காலி போல்டர் ஒன்று உண்டாக்கி அதில்தான் இறக்க வேண்டும். நண்பர் அவசரத்தில் முந்தின வாரம் போட்டிருந்த வவுச்சர்கள் இதனால் தப்பின.

இறங்கிவிட்டது என்று திரை சொன்னதும் அவர் எழுந்து கைகுலுக்க வந்தார். நான் விடவில்லை. செப்டம்பர் 30-ந் தேதிக்கு ஆடிட்டருக்காக எடுத்த ட்ரயல் பாலன்ஸ் காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் அதே தேதிக்கு எடுத்து, காகிதத்தோடு ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுப் பார்த்தோம். பைசா சுத்தமாகச் சரியாக இருந்தது. கடைசி வவுச்சர் எண், கையிருப்பு ரொக்கம், நடுவில் மூன்று பில்கள் ஆகியவற்றையும் சரிபார்த்தோம். கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிந்த வித்தைதான் இது. கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றும் வேண்டாம். சொல்லப்போனால் இந்த வேலையில் இஞ்சினீயரைவிடக் குமாஸ்தாவே கெட்டிக்காரர். பைல் திறக்கிறதா என்று மட்டுமே இஞ்சினீயர் பார்ப்பார். உள்ளே இருக்கும் தொகை சரியா என்று கணக்கு எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

விட்டுப்போகிற சில்லறைச் சாமான்கள் வேறு இருக்கின்றன. திரையின் முகப்பிலேயே சேமித்து வைத்த கடிதங்கள், மெயில் பைல், செக் அச்சடிக்கும் அளவுகள் எல்லாம் கணக்கு பேக்கப்பில் வராது. வரி தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைப் புதுக் கம்ப்யூட்டரில் சொருகினால் அதற்குரிய டிரைவர் இல்லாமல் அது கண் திறக்காது. இதைத் தாக்கல் செய்யும் கடைசி நாளன்று இரவு பதினோரு மணிக்குக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

புதுப் பெட்டிக்குப் புரியாத பழைய பாஷை

இந்தியாவிலேயே முதன்முதலாக டிஜிட்டல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது இந்த ஊரில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பராநகரில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1950-களின் நடுவில் ஹெக்-2எம் என்ற ஆங்கிலேயக் கம்ப்யூட்டர் வந்தது. சில ஆண்டுகளில் அங்கேயே சோவியத் ரஷ்யாவின் யூரல் வந்தது. ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றதற்குப் புரியாது. ஆக, புதுப் பெட்டிக்குப் பழைய பாஷை புரியாத சங்கடம் கொல்கத்தாவுக்குப் புதிதல்ல.

அந்தச் சங்கடம் இன்னும் தீர்ந்தபாடில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதனோடு வந்த பேக்கப் புரோகிராமில் எடுத்து வைத்தவை ஒரே பெரிய பைலாக இருக்கும். அதன் பிறகு வந்த விஸ்டாவில் அந்தப் புரோகிராமே இல்லை. பைல் கையில் இருந்தும் திறக்க வழி இல்லாமல் பலர் திண்டாடினார்கள். திறப்பதற்கென்றே தனியாக ஒரு கருவியை மைக்ரோசாப்ட் கொடுக்க வேண்டியதாயிற்று. கணக்கு மென்பொருளிலும் அப்படியே. பழைய வெர்ஷனின் கணக்கைப் புது வெர்ஷன் மாற்றி ஏற்றுக்கொள்ளும். மாற்றியபிறகு பழையதில் திறக்காது. மாற்றுவதற்கு முன் மாற்றாத நகல் ஒன்றைத் தனியே எடுத்து வைக்காதவர் பிறகு வருந்துவார்.

எத்தனை வருஷத்துக்குக் கட்டிக் காப்பது என்ற கேள்வி எழும். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினசரி பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. சனிக்கிழமை பேக்கப் போதாது என்று அர்த்தம்! நண்பரின் மானேஜருக்கே இது தெரிந்திருக்கவில்லை.

எல்லா நகலும் ஒரே மேஜையில் இருந்து பயனில்லை. 2021 மார்ச் 8-ந் தேதி மாலை ஸ்ட்ராண்ட் ரோட்டில் ரயில்வேயின் நியூ கோய்லாகாட் கட்டடத்தில் 13-வது மாடி தீப்பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தீயணைப்பு வீரர்கள் நால்வர் உட்பட ஒன்பது பேர் பலியானார்கள். அந்தத் துயரத்தின் முன் டிக்கெட் ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் அந்த ஒரு கட்டடத்துக்கு மின்சாரத்தை நிறுத்தியதும் கிழக்குப் பகுதியில் கம்ப்யூட்டர் டிக்கெட் பதிவு தடைப்பட்டது. சென்னை டிக்கெட்டுக்காக அந்த வட்டாரத்தில் கால் கடுக்க நின்ற நம்மவர்களுக்கு இதன் பொருள் புரியும். நண்பரின் பேக்கப் டிஸ்கோ கம்ப்யூட்டர் இருந்த மேஜையின் இழுப்பறையிலேயே இருந்தது. தீயோ வெள்ளமோ வந்தால் இரண்டும் சேர்ந்துதான் போயிருக்கும்.

கையில் இருக்கும் கம்ப்யூட்டர்

எனக்கு ஆபீசும் இல்லை, கணக்கும் இல்லை, எனக்கென்ன என்று தொழிற்சாலையிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கும் அன்பர்கள் நினைக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். சம்பளச் சீட்டு, ஆதார் நகல், ஊரில் குழந்தை பிறந்த போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பின் பேக்கப்பை ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கில் வைக்கலாம். புதுப் போனில் அதைத் திரும்ப எடுக்க அதே போன் நம்பரும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். புதிதாக ஆரம்பிக்கும்போது மீட்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டுப் பிறகு தேடி அலைந்தவர்களை நான் அறிவேன். இங்கே வந்ததும் ஊர் நம்பரை விட்டுவிட்டு வங்காள நம்பர் வாங்குபவர்கள், பழைய நம்பர் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். பேக்கப்புக்குத் தனியாகக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதை மறக்கக் கூடாது. மறந்தால் வாட்ஸ்அப்காரர்களாலும் திறந்து தர முடியாது.

அப்பாவின் நோட்டு

ஆபீஸ் விவகாரம் தீர்ந்த அடுத்த வாரம் நண்பர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சி.டி. "சார், இது ஆபீஸ் சமாசாரம் இல்லை. அப்பா எழுதினது" என்றார்.

அவருடைய தகப்பனார் அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்கு ஹௌராவில் வந்து இறங்கியவர். ஓய்வு பெற்றபின் தம் கல்கத்தா வாழ்க்கையை ஒரு பழைய கம்ப்யூட்டரில் தமிழில் அடித்து வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. சி.டி. மட்டும்தான் மிச்சம். புதுக் கம்ப்யூட்டரில் சி.டி. போடுகிற இடமே இல்லை! வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினோம். இந்த ஊர் ஈரத்தில் சி.டி.யின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. மூன்றாவது முயற்சியில் ஆறு பைலில் ஐந்து வந்தன.

திறந்தால் அத்தனையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. நண்பர் திகைத்துப் போனார். கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார்.

கெடவில்லை. தகப்பனார் தமிழ் டைப்ரைட்டிங் பழகியவர்; இடக்கை நான்கு விரலில் ய, ள, ன, க என்று பாடம் செய்தவர். அந்த விசை அமைப்புக்கு ஏற்ற பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்தக் காலத்து எழுத்துருக்களில் பைலுக்குள் தமிழ் இருக்காது. 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வேஷம் கட்டியதால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. உலகப் பொதுவான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும் 2010-ல்தான் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது. இடையில் அடித்துக் குவித்த கோயில் மலர், சங்க நடவடிக்கைக் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இப்படிப் பழைய டிஸ்குகளில் ஊமையாகக் கிடக்கின்றன. இந்த ஊர்த் தமிழர் வீடுகளிலேயே எத்தனை இருக்குமோ!

பாமினி எழுத்துருவைத் தேடிப் போட்டதும் திரையில் தமிழ் தெரிந்தது. அதோடு நிறுத்தினால் அடுத்த கம்ப்யூட்டரில் மறுபடி இதே பாடுதான். அதனால் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினோம். அதிலும் நகலைத்தான் மாற்ற வேண்டும். மூலத்தைத் தொடக் கூடாது. எந்தக் குறியீட்டிலிருந்து என்பதைத் தவறாகக் கொடுத்தால் வேறு விதமான உளறல் வரும். நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த சொற்களும் தமிழாக மாறிப் பொருளில்லாமல் நிற்கும். தகப்பனார் தம் கம்பெனியின் பெயரை ஆங்கிலத்தில்தான் அடித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அது ஏதோ மந்திரம் போல மாறி நின்றது. நண்பர் மூலத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார். நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

ஆறாவது பைல் வரவேயில்லை. அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது; மற்ற ஐந்தையும் வைத்துப் பார்த்தால் 1971-ம் வருஷமாக இருக்கலாம் என்கிறார். அந்த சி.டி.யைச் சாந்தினிப் பையனிடமே கொடுத்திருக்கிறார். மற்ற ஐந்தையும் அச்செடுத்து, ஒரு நகலை வில்லிவாக்கத்தில் இருக்கும் தங்கைக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்.

ஆபீசில் இப்போது சனிக்கிழமை நோட்டில் இரண்டு பத்தி கூடியிருக்கிறது. ஒன்று பைலின் அளவு. மற்றது, மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த நகலை ஸ்டோர் ரூமில் இருக்கும் பழைய லேப்டாப்பில் இறக்கி எடுத்த ட்ரயல் பாலன்ஸ் தொகை. டிஸ்குகள் இரண்டாகி, ஒன்று மானேஜர் வீட்டுக்கும் ஒன்று ஆபீஸ் பீரோவுக்குமாக மாறி மாறிப் போய் வருகின்றன. போன மாதம் தொகையில் நாற்பது ரூபாய் வித்தியாசம் வந்து ஒரு மணி நேரம் தேடினாராம். பேக்கப் சரியாகத்தான் இருந்தது. டிஸ்க் எடுத்தபிறகு யாரோ ஒரு டீ பில்லைப் போட்டிருக்கிறார்கள்.